ராஜாங்கம், வயது முப்பது

காலிப் பால்கேனுக்குள் சுருட்டிப் போட்டு எடுத்துவருவதால் ராஜாங்கம் கொண்டுவரும் பேப்பரில் எப்போதும் பால்வாசம் அடிக்கும். மழைக்கு நனையாது, காற்றுக்குப் பறக்காது என்று அவனாகக் கண்டுபிடித்த வழி அது. கல்வராயன் மலையடிவாரத்துக் கொட்டாய்மேட்டிலிருந்து விடிவதற்குள் ஊர்ப் பாலையெல்லாம் சேர்த்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போவான். டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த சலூனில் முந்தின நாள் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவான். சில நாள் பேப்பரில் கால் பக்கம் இருக்காது. சவர நுரையை வழித்துப்போட சலூன்காரர் கிழித்திருப்பார். அன்றைக்கு மலர்விழிக்கு உலகத்தில் கால்வாசி தெரியாமல் போய்விடும்.

மலர்விழி மணலூர்பேட்டைப் பெண். கல்யாணம் ஆன பிறகு தபாலில் படித்து பி.ஏ. முடித்தவள். டெபுடி கலெக்டர் வேலைக்கான குரூப் ஒன் பரீட்சைக்கு எழுதிப்போட்டிருந்தாள். கொட்டாய்மேட்டில் ஆண்பிள்ளைகளே அந்தப் பரீட்சையின் பேரைக் கேள்விப்பட்டதில்லை. புத்தகத்தை விட்டாலும் விடலாம், தினப் பேப்பரை மட்டும் விடக்கூடாது என்று திருவண்ணாமலையில் பரீட்சை எழுதிய ஒருத்தர் அவளிடம் சொல்லியிருந்தார். கம்பு அடிக்கும்போதும் கூழ் துழாவும்போதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வேண்டிய செய்திகளை வெட்டி, ரேஷன் கடையில் பில் குத்திவைப்பது போல ஒரு கம்பியில் குத்தி அடுப்படியில் தொங்கவிட்டிருந்தாள்.

ராஜாங்கத்துக்கு முப்பது வயசு, எட்டாவது வரை படித்தவன். மாட்டின் காலோரம் குந்திப் பால் கறந்துகொண்டே கேள்வி கேட்பான்.

"இருவத்தஞ்சாவது மாநிலம் இன்னா?"

"கோவா."

"உலகத்துல மனுசங்க ஐநூறு கோடி ஆனது என்னிக்கு?"

"ஜூலை பதினொண்ணு."

"அந்த ஐநூறு கோடில நம்ம ஊரயும் எண்ணினாங்களா?"

"மாட்ட பாத்துக் கறங்க. ஒதைக்கப்போவுது," என்பாள் மலர்விழி.

மாமியார் சாலம்மாள் தொழுவத்து ஓரத்தில் சாணி அள்ளியபடி, "புருசன் கேள்வி கேக்கறதும் பொண்டாட்டி பதில் சொல்றதும், பள்ளிக்கூடத்துல கூட இவ்ளோ சத்தம் இருக்காது," என்று முனகுவாள். முனகலில் கோபம் இருக்காது.

அந்த வருசம் செப்டம்பர் மாதத்தில் பேப்பர் செய்தி ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டுமென்று ஊர்க்காரர்களின் சாதிச் சங்கம் ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தது. மலர்விழி அதையும் வெட்டிக் கம்பியில் குத்தியிருந்தாள். ராஜாங்கத்தின் பெரியப்பா மகன் சுப்புராயன்தான் ஊரில் சங்கத்துக்கு முன்னால் நின்றவர். ஒரு சாயங்காலம் வந்து தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"வூட்டுக்கு ஒரு ஆளு வரணும் ராஜாங்கம். முடிவாயிடுச்சி. ரோட்டுல ஒரு வண்டி போவக்கூடாது. புளியமரத்த வெட்டிச் சாச்சிப்புடணும்."

"பாலு கெட்டுப்பூடுமேண்ணே."

"பாலு பெரிசாடா? ஒம் பொண்டாட்டி கண்ணு அவிஞ்சிபோற அளவுக்குப் படிச்சிக்கினு கீறா. எதுக்கு? வேலைக்கு. நம்ம புள்ளைங்களுக்கு எங்க கெடைக்குது வேல? அதத்தான கேக்கறோம். இன்னா மலரு, நீ பேப்பர் படிக்கிறவ, நீயே சொல்லு."

மலர்விழி முந்தானையில் கையைத் துடைத்தாள். "கேக்கறது நியாயந்தான் மாமா. ஆனா கேசு கீசு போட்டுட்டாங்கன்னா?"

"ஊரே வருது. ஊர் மேலயா கேசு போடுவான்?"

"எனக்கு ஒத்தப் புள்ள சுப்புராயா," என்றாள் சாலம்மாள்.

"எனக்கும் ரெண்டு புள்ள கீது சின்னம்மா. நான் போவல?"

ராஜாங்கம் மலர்விழியின் முகத்தைப் பார்த்தான். போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. வேலை கொடுப்பதற்கு முன்னால் போலீஸ்காரர்கள் ஊருக்கு வந்து விசாரிப்பார்கள், வீட்டில் ஒரு கேசு இருந்தால் என்ன எழுதுவார்களோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் ஊரே போவது அவளைப் போன்ற ஒருத்திக்கு வேலை கேட்டுத்தானே. எப்படித் தடுப்பது?

சுப்புராயன் போன பிறகு ராஜாங்கம் சொன்னான்: "நான் போவலன்னா நாளைக்கு ஒரு வூட்டுல பாலு ஊத்தமாட்டாங்க. சும்மா போயி நின்னுட்டு வந்துர்றன். கோடாலியத் தொடமாட்டன்."

முதல் நாள் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். கூழைக் கரைத்துக் கொடுத்தபோது அவன் உள்ளங்கையில் பச்சைமர வாசம் அடித்தது.

ஊர் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. காலையிலும் மாலையிலும் மலைக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் இல்லை. லாரி இல்லை. கறந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல் கன்றுக்குட்டிகளைக் குடிக்க விட்டார்கள். மிச்சத்தை உறை ஊற்றினார்கள். எல்லா வீட்டிலும் மோர் புளித்தது. பேப்பர் இல்லை. ரேடியோ மட்டும் இருந்தது.

மூன்றாம் நாளும் ஆண்கள் மறியலுக்குப் போயிருக்க, பெண்கள் ஏரிக்குப் பக்கத்துக் கொல்லையில் கம்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை. கிழக்கே, பெரிய ரோட்டுப் பக்கம், பட்டாசு வெடித்தது போல இரண்டு மூன்று சத்தம். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"யாரு வூட்டுலயாவது சாவு எடுக்கறாங்களோ?" என்றாள் சுப்புராயனின் மனைவி ஆண்டாள்.

யாரும் பதில் சொல்வதற்குள் வரப்பு மேல் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். வேட்டியை வரிந்து கட்டியிருந்தார்கள், ஒருத்தன் இடுப்பில் வேட்டியே இல்லை, டவுசரோடு ஓடினான். அறுக்கிற பெண்களைத் தாண்டி மலைப்பக்கம் பாய்ந்தார்கள். ஆண்டாள் கத்தினாள்: "டேய், இன்னாடா ஆச்சி? எங்க வூட்டுக்காரரு எங்கடா?"

"சுட்டுட்டாங்க அக்கா! நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க!"

கம்பங்கதிர்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். மலர்விழியின் கையில் அரிவாள் இருந்தது வீட்டு வாசலில்தான் அவளுக்குத் தெரிந்தது.

ராஜாங்கம் வரவில்லை. சுப்புராயன் வரவில்லை. ஊரில் ஆம்பிளை என்று நடமாட வயசான பொன்னுரங்கம் ஒருத்தர்தான் மிச்சம்.

ஆறரை மணிக்கு மாநிலச் செய்தி. ஆண்டாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மலர்விழி வீட்டு ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். தென்னார்க்காடு மாவட்டத்தில் சில இடங்களில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததாக அந்தக் குரல் சொன்னது. சிலர் இறந்ததாகச் சொன்னது. கொஞ்சங்கூடத் தடுமாறாமல் அடுத்ததாக மழை பற்றிச் சொல்லத் தொடங்கியது. இத்தனை நாளும் இந்த மாதிரிச் செய்தி வந்தால் எங்கே, எப்போது, எத்தனை பேர் என்றுதான் மலர்விழி மனப்பாடம் செய்வாள். யார் என்று பரீட்சையில் கேட்கமாட்டார்கள்.

"பேரு சொல்லலியே மலரு," என்றாள் ஆண்டாள்.

"சொல்லமாட்டாங்கக்கா."

"ஏன் சொல்லமாட்டாங்க?"

மலர்விழி ரேடியோவை அணைத்தாள்.

மறுநாள் விடிகாலையில் பக்கத்து ஊரில் போலீஸ் வந்து வீடு வீடாக ஏறி ஆம்பிளைகளைப் பிடித்துப் போகிறது என்று சேதி வந்தது. சாலம்மாள் அடுப்படிக்குப் போய் அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல மறியல் சேதி கீதா?"

"கீது அத்த. எல்லாந்தான் கீது. பரிச்சைக்கு வெட்டி வெச்சது."

"பரிச்சைக்குன்னு அவங்கிட்ட சொல்லுவியா? அவன் நின்னு கேப்பானா? சங்கத்து ஆளு வூடுன்னு எழுதிக்கினு பூடுவான். எம் புள்ள எங்க கீறானோ, அவன் தலயில விடிஞ்சிடும்டீ."

மறியல் செய்தியை மட்டும் பொறுக்கி எடுக்க மலர்விழி குந்தினாள். எதில் என்ன இருக்கிறதென்று எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. தெருமுனையில் நாய்கள் சேர்ந்து குரைக்க ஆரம்பித்தன. கம்பியோடு மொத்தத்தையும் அடுப்பில் வைத்தாள். கோவாவும் இலங்கை ஒப்பந்தமும் ஐநூறு கோடிச் சனமும் களிப்பானைக்கு அடியில் எரிந்தன. ஒரு வருசப் படிப்பு, ஒரு களி வேகும் அளவுக்குக்கூட எரியவில்லை.

ஜீப் வந்தது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"ஆம்பள எங்க?"

"வெளியூரு போயிருக்காருங்க," என்றாள் மலர்விழி.

"எல்லா ஊட்டு ஆம்பளையும் ஒரே நாள்ல வெளியூரு பூட்டானா? பேரு இன்னா?"

மலர்விழி புருசன் பேரைச் சொல்லிப் பழகியதில்லை. நாக்கு எழவில்லை. அந்த மௌனத்தைத் திமிர் என்று நினைத்து ஒருத்தன் லத்தியைத் தரையில் தட்டினான். சாலம்மாள்தான் சொன்னாள்: "ராஜாங்கம்ங்க. பாலு ஊத்தறவன்ங்க." எழுதிக்கொண்டார்கள். பால்கேனைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கூரை எரவாணத்தில் செருகியிருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்கள். மோர்ப்பானை உடைந்திருந்தது. உடைத்தார்களா, இவள் கால் பட்டு உடைந்ததா என்று மலர்விழிக்கு நினைவில்லை.

ரோட்டில் கிடந்த மரங்களை இழுத்துப்போட்ட பிறகு பொன்னுரங்கம் நடந்தே கள்ளக்குறிச்சிக்குப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. புதுப் பேப்பராகக் காசு கொடுத்து வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தண்ணித்தொட்டியருகே மலர்விழியிடம் நீட்டினார்.

"செத்தவங்க பேரு போட்டிருக்கான்னு கடையில சொன்னாங்க பொண்ணு. எனக்குக் கேட்டுத் தெரிஞ்சிக்க மனசு வல்ல."

சொல்லி அனுப்பாமலே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். குடத்தை இறக்கி வைத்தார்கள். ஊரில் சரளமாகப் பேப்பர் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதல் முறையாகப் பால்வாசம் இல்லாத பேப்பர். மை வாசம் மட்டும். மலர்விழி கண்ணை ஓட்டினாள்.

"மனசுக்குள்ள படிக்காத மலரு," ஆண்டாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். "வாய விட்டுப் படி. எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் ஒண்ணா தெரியட்டும்."

மலர்விழி படித்தாள். முதல் பேருக்கு யாரும் அசையவில்லை, அது தூரத்து ஊர். இரண்டாவது பேருக்கு ஒருத்தி மாரில் கைவைத்தாள், ஊர் வேறு என்றதும் இறக்கினாள். அடுத்த வரியில் மலர்விழி நின்றுவிட்டாள்.

"இன்னா?"

"படிடீ."

பேப்பரைப் பார்க்காமலே பெண்களுக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பேரைத்தான் ஒரு பெண்டாட்டியால் படிக்க முடியாது? ஆண்டாளின் பிடி அவள் முழங்கையில் தளர்ந்தது. தன் புருசன் பேர் இல்லை என்று அந்த விரல்களுக்குத் தெரிந்துபோனது போல இருந்தது.

மலர்விழி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ராஜாங்கம். வயது முப்பது. கூலித் தொழிலாளி."

"ஊரு?"

"ஊரு போடல."

"இவருதான் பால்காரராச்சே. கூலின்னு எப்பிடிப் போடுவான்?" என்றாள் ஆண்டாள்.

"பேப்பர்காரனுக்கு நம்மெல்லாம் கூலிதான்," என்றார் பொன்னுரங்கம். சொன்ன பிறகு சொல்லியிருக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாலம்மாள் அழவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். மாடு குடித்து முடித்த பிறகும் காலித் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

மலர்விழியும் ஆண்டாளும் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டார்கள். அன்று ஓடிய ஒரே பஸ்ஸில் ஆண்கள் நாலு பேர்கூட இல்லை. வழி நெடுக இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட புளியமரங்களின் அடிக்கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. நிழல் விழுந்து பழகிய ரோட்டில் வெயில் கொட்டிக் கிடந்தது. ராஜாங்கத்தின் உள்ளங்கையை நினைத்து மலர்விழி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிரோடு இருந்தால் போதும், பரீட்சை வேண்டாம், பேப்பர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரம் போட்ட கட்டடம். வாசலில் மேசை போட்டு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். ஆண்டாள் வெளியிலேயே நின்றுவிட்டாள். "என்னால ஆவாது மலரு."

மலர்விழி தனியாகப் போனாள். மருந்து நெடியையும் மீறி இன்னொரு நெடி. ஆள் ஒருத்தன் துணியை விலக்கினான். அவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் மெல்லிய கீறல்கள், பழசும் புதுசுமாக. கரும்புத் தோகை கிழித்த கை. பிறகு முகத்தைப் பார்த்தாள். ஒடுங்கிய கன்னம், கத்தரித்த மீசை. யாரோ.

யாரோ! மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. வெளியே ஓடிவந்து குழாயடியில் குந்தி வாந்தியெடுத்தாள்.

"இல்லக்கா," என்றாள். "அவரு இல்ல."

ஆண்டாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மாரியாத்தா! நம்ம ஆளுங்க மலைமேலதான் எங்கியாவது கீறாங்க. வா, இந்த பஸ்ஸ விட்டா வேற கெடையாது."

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கால் முழுக்கச் செம்மண் புழுதி. நடந்தே வந்திருக்கிறாள். ஏட்டின் மேசையைப் பார்த்தாள், கிட்டே போகவில்லை. குழாயடியில் நின்ற இவர்களைப் பார்த்து வந்தாள்.

"யம்மா, படிச்சவங்க மாரி கீறீங்க. உள்ள கீறது யாருன்னு சொல்வாங்களா?"

"நீ எந்த ஊரு?" என்று கேட்டாள் ஆண்டாள்.

"எலவனாசூர்கோட்ட பக்கம்ங்க. காலனி. சின்னக்கண்ணுன்னு பேரு." மூச்சு வாங்கினாள். "எங்க வூட்டுக்காரரு இந்தப் பக்கம் கரும்பு வெட்ட வந்தாரு. பஸ்ஸு இல்லன்னு நடந்தே ஊருக்கு வராருன்னு கூட்டாளிங்க சொன்னாங்க. இன்னும் வந்து சேரலீங்க. பேப்பர்ல பேரு வந்துகீதுன்னு... ராஜாங்கம்ங்க."

ஒரு தயக்கமும் இல்லாமல் அவள் புருசன் பேரைச் சொன்னாள். சொல்லிக் கேட்டுக் கேட்டு வழியெல்லாம் வந்திருப்பாள்.

"நீங்க உள்ள போயி பாத்தீங்களாம்மா? அவரு இல்லன்னு சொல்லுங்க. எனக்குப் போவ பயமா கீது."

ஆண்டாள் மலர்விழியின் சேலையை இழுத்தாள். மலர்விழி அசையவில்லை. இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும்.

"அவரு கையில..." என்று ஆரம்பித்தாள். "கையில தோகை கிழிச்ச கீறல் இருக்குமாக்கா?"

சின்னக்கண்ணு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தன் கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் அதே கோடுகள். "இதோ, இது மாரிதாங்க. எங்க ரெண்டு பேருக்குமே கீது."

மலர்விழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவள் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சின்னக்கண்ணு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தை பயந்து கத்தியது. தாய் வாயிலிருந்து சத்தம் வர வெகுநேரம் ஆனது.

பிறகு அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டி வெளியே கூட்டிவந்தது மலர்விழிதான். ஏட்டு தாளை முன்னால் தள்ளினார்.

"பாடிய வாங்கிக்கிறவ ரேக வெக்கலாம். ஆனா சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும். யாராவது போடுங்க."

அங்கே நின்றவர்கள் ஒவ்வொருத்தராக வேறு பக்கம் பார்த்தார்கள். ஆண்டாள் மலர்விழியின் காதருகே வந்தாள். "வேணாம் மலரு. சுட்ட கேசு. நீ பரிச்ச எழுதறவ, பேரு மாட்டிக்கும். அவங்க ஆளு, அவங்க வந்து போட்டுக்கட்டும். நமக்கு இன்னா?"

மலர்விழிக்குத் தெரியாததா? பேர் எழுதினால் எங்கெல்லாம் போகும் என்று ஆண்டாளைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேனாவை வாங்கினாள். ரா. மலர்விழி, பி.ஏ., கொட்டாய்மேடு என்று எழுதினாள்.

ஏட்டு தாளைத் திருப்பிப் படித்தார். "கொட்டாய்மேடா? மரம் வெட்ன ஊராச்சே. ஒம் புருசன் எங்க?"

"அவரத் தேடிக்கினுதாங்க வந்தன்," என்றாள் மலர்விழி.

ஏட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது.

அந்தக் கையெழுத்துக்காகப் பின்னால் அவளை வீடு தேடி வந்து விசாரித்தார்கள். பரீட்சையை எழுதினாள், கிடைக்கவில்லை. அடுத்த முறை வேறு பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவள் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில் ராஜாங்கம் கரியாலூருக்கு மேலே, ஒரு மலைக்காரரின் தினைக்கொல்லைப் பரணில், காலில் முள் ஏறிக் காய்ச்சலோடு சுப்புராயனின் பக்கத்தில் படுத்துக்கிடந்தான். மழை பிடித்த பிறகுதான் தாடியும் மீசையுமாக இறங்கி வந்தான். கேசு வெகுகாலம் நடந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்தச் சாயங்காலம் மலர்விழிக்கு ஒன்றும் தெரியாது.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் போகிற ஒரு வண்டிக்காரனைப் பேசிப் பிடித்து, பாயில் சுற்றியதை ஏற்றினார்கள். குழந்தையைக் கடைசியாக மலர்விழி தூக்கிக் கொடுத்தாள். அது அவள் தோளிலேயே தூங்கியிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த சின்னக்கண்ணு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"நீ ஒங்க வூட்டுக்காரரத் தேடிக்கினு வந்தன்னு சொன்னியே. அவரு வந்துட்டாரா?"

மலர்விழியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "இல்லக்கா. இன்னும் வரல."

சின்னக்கண்ணு கீறல் விழுந்த கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாத தங்கச்சி," என்றாள். "வந்துருவாரு."